கழுத்து விறைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

காய்ச்சல், கழுத்து விறைப்பு, புத்தித் தடுமாற்றம். மூளை உறை அழற்சி (மெனிஞ்சைட்டிஸ்) என்றதும் சொல்லப்படும் மூன்று அறிகுறிகள் இவை. பாக்டீரியாத் தொற்று உறுதியான பெரியவர்களிலேயே மூன்றும் சேர்ந்து வருவது பாதிப் பேருக்கும் குறைவு. ஆகவே ‘கழுத்து வளைகிறதே’ என்று நிம்மதியடைவதுதான் முதல் தவறு. காய்ச்சலும் கடும் தலைவலியும் இருந்து, ஓயாத வாந்தியோ வெளிச்சக் கூச்சமோ பேச்சில் குழப்பமோ சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கைக்குழந்தையிடம் கழுத்தை நம்பவே கூடாது. பால் மறுப்பது, தூக்கினால் இன்னும் வீறிடுவது, துவண்டு கிடப்பது, சில சமயம் காய்ச்சலுக்குப் பதில் உடல் சில்லிடுவது ஆகியவையே அங்கே அடையாளம். உச்சிக்குழியை அழும்போது தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அழுதால் எந்தக் குழந்தைக்கும் அது மேடிடும். அழுகை அடங்கியதும் நிமிர்த்திப் பிடித்துத் தடவுங்கள். அப்போதும் புடைத்திருந்தால் ஆபத்து. வாந்தியால் நீர் வற்றியிருந்தால் புடைக்காமலும் போகலாம்.

தோலில் ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கறுத்த தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் உட்புறம் பார்க்க வேண்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பது இன்னொரு கேடு. அது நோயைத் தீர்க்காது. ஆனால் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்து அடையாளம் காணும் சோதனையில், அது வளராதபடி அடக்கிவிடும். பிறகு எதிரி யாரென்று தெரியாமலே சண்டை போட வேண்டும்.

நோயை உறுதிசெய்ய முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காது என்ற பயத்தில் கையெழுத்துப் போட மறுப்பவர்கள் ஏராளம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதல் அல்லது இரண்டாவது எலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது மூன்றுக்கும் நான்குக்கும், அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் இடையே. அந்த நீரின் சர்க்கரையை அதே நேரத்து ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் உண்டு. ரத்தம் எடுக்க மறப்பது ஆஸ்பத்திரிப் பக்கத் தவறு.

அதைவிடப் பெரியது, ஸ்கேனுக்காக மருந்தை நிறுத்தி வைப்பது. வலிப்போ ஒருபக்கப் பலவீனமோ இருந்தால் ஸ்கேன் முதலில் வேண்டியதுதான். ஆனால் ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு, ஒரு மணி நேரத்துக்குள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஏறிவிட வேண்டும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அதற்குச் சற்று முன்போ கூடவோ போக வேண்டும். பிந்தினால் பலன் குறையும்.

காசநோய்க் கிருமியால் வரும் மூளை உறை அழற்சி இப்படிப் பாயாது. லேசான காய்ச்சல், தலைவலி, எரிச்சல் என்று வாரக்கணக்கில் இழுக்கும். சிகிச்சையும் 9 முதல் 12 மாதம். தலைவலி போனதும் மாத்திரையை நிறுத்துபவர்கள் மோசமான நிலையில் திரும்பி வருகிறார்கள்.

பாக்டீரியாத் தொற்றிலிருந்து மீண்டவர்களுக்கு, வீடு திரும்பிய 4 வாரத்துக்குள் செவித்திறன் சோதனை அவசியம். கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைப் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.