வாட்ஸ்அப் சாட்டைப் பூட்டினீர்கள், பேக்கப்பை?

வாட்ஸ்அப்பில் பேசுவதெல்லாம் என்க்ரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது பேசுபவர்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு நிமிடம் பேக்கப் பக்கம் போய்ப் பாருங்கள். கூகுள் டிரைவ், ஐகிளவுட் என்று போய் உட்காரும் அந்த நகலுக்கு அதே பூட்டு தானாக விழுந்துவிடாது, அதனால் விசாரணை அமைப்பு உங்கள் போனைத் தொடவே வேண்டாம், உத்தரவோடு கிளவுட் நிறுவனத்திடம் போனாலே போதும்.

இதற்கான வசதி 2021-லேயே வந்துவிட்டது. அமைப்புகளில் சாட்ஸ், அப்புறம் சாட் பேக்கப், அதற்குள் என்க்ரிப்ட் செய்த பேக்கப்பை ஆன் செய்து ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். மறந்துபோனால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது, காகிதத்தில் எழுதி வைப்பதில் வெட்கமே வேண்டாம். உங்களோடு பேசுபவரையும் ஆன் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதே உரையாடல் அவர் பேக்கப்பில் திறந்து கிடக்கும்.

சரி, யாரிடம் எப்போது பேசினீர்கள் என்ற விவரம்? அது இதில் மறையாது. 2013-ல் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ-வின் ரகசியங்களை அங்கே வேலை பார்த்த ஸ்னோடன் கசியவிட்டதில் முதலில் வெளியானதே, அது அழைப்பு விவரங்களை மொத்தமாக அள்ளிய கதைதான், பேச்சை அல்ல. அந்தக் கவலை இருந்தால் சிக்னல் என்ற மெசேஜ் செயலி பக்கம் போகலாம்: 2016-ல் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணை வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர அவர்களிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை.