மிளகாய் நாற்று ஒல்லியாக நீளுகிறதா? விளக்கை இறக்குங்கள்

வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கும் மிளகாய் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்கிறதா? சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடாதீர்கள். பெரும்பாலும் வெளிச்சம் போதாததுதான் காரணம். சாதாரண எல்.இ.டி. டியூப் லைட் என்றால் இலை நுனிக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள். செடி வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள். செடி வளர்க்கவென்றே விற்கும், அதிகத் திறன் கொண்ட க்ரோ லைட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, இலை வெளுத்துவிடும். அதனுடன் வரும் குறிப்பில் சொன்ன தூரத்தையே வையுங்கள். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிந்தால் போதும், இரவில் அணைத்துவிடலாம்.

விதை முளைக்க வெளிச்சத்தைவிடச் சூடுதான் முக்கியம். மண் 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். ஹபனெரோ போன்ற கடுங்கார ரகங்கள் ஒரு மாதம்கூட எடுக்கும். தயவுசெய்து தோண்டிப் பார்க்காதீர்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே விளக்கைப் போட்டுவிடுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டாலே தண்டு நீள ஆரம்பித்துவிடும்.

தண்ணீரைத் தட்டில் ஊற்றி, தொட்டி அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் தண்டின் அடி அழுகி, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று படுத்துக் கிடக்கும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். அப்புறம், சின்ன மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் தண்டு நன்றாகத் தடிக்கும்.

வெளியில் நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள், கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டிப் பழக்குங்கள்.