தண்ணி வந்துடுச்சா என்று கேளுங்கள்: காவிரிக் கரையில் நான்கு நாள்

முதல் முறை நாங்கள் கும்பகோணம் போனது வேனில். இரண்டே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்கள். திருப்பூர் திரும்பிய மறுநாள் பெரியம்மா, "அந்தப் பெரிய குளம் எந்தக் கோயில்லடி இருந்துச்சு?" என்று கேட்டார். போன பதினோரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அது என்னை வெகுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த முறை நானும் பெரியம்மாவும் மட்டும் போனோம், நான்கு நாள். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்பே, வீட்டில் இருக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். கோயில் பட்டியல் எல்லாம் அப்புறம். எங்களுக்கு அது பூஜை அறையில் இருக்கும் ஒரு சாண் உயர ஐம்பொன் முருகன். தாத்தா சுவாமிமலையில் வாங்கியது. அது எந்த மண்ணில், எப்படி உருவானது என்று தேடிப் போனால் வழி தானாக அமையும்.

போகிற மாதமும் முக்கியம். காவிரிப் பாசனத்துக்காக மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். சில வருடம் தள்ளிப்போகும், செய்தி பார்த்துக்கொள்ளுங்கள். ஆடியில் போனால் ஆற்றையும் வாய்க்காலையும் தண்ணீரோடு பார்க்கலாம். கோடையில் போனால் மணல்தான். கும்பகோணத்தில் ஒரே இடத்தில் தங்குங்கள், தினமும் அறை மாற்ற வேண்டாம். யாரிடமாவது பேச்சுக் கொடுக்க வேண்டும் என்றால், "தண்ணி வந்துடுச்சா?" என்று கேளுங்கள். "இந்தக் கோயில் எத்தனை வருஷம் பழசு?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் நாற்று, கடன், தாத்தா காலத்து வெள்ளம் வரை பேச்சு நீளும். எங்களுக்கு டீக்கடையில் அப்படித்தான் நீண்டது. சுவாமிமலையில் எந்தச் சிலைப் பட்டறைக்குப் போகலாம் என்று சொன்னவரும் அங்கே பேச்சுக் கொடுத்தவர்தான்.

பட்டறைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். நாங்கள் போனபோது ஸ்தபதி ஒரு தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எங்கே என்பதற்கெல்லாம் அந்த மடிப்புதான் கணக்கு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்கிறார்கள். அதன் மேல் பூசும் முதல் பூச்சு, காவிரி கொண்டுவரும் வண்டல் மண். "இது ஆத்து மண்ணும்மா. நகையில இருக்கிற சின்னக் கோடுகூட இதுல பதியும்" என்று பெரியம்மாவின் உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்தார். மாவு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

மண் காய்ந்ததும் சூடாக்குவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த இடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண் கூட்டை உடைத்துவிடுவார்கள். மெழுகும் போயிற்று, கூடும் போயிற்று. "அப்போ எங்க முருகன் மாதிரி இன்னொண்ணு கிடையாதா?" என்று பெரியம்மா கேட்டார். "கிடையாதும்மா" என்றார் ஸ்தபதி. நாற்பது வருடமாக அந்தச் சிலைக்குப் பூ வைத்தவர், அந்தச் செய்தியைக் கேட்டதும் பேசாமல் மண் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கும் முன் கேளுங்கள். உலோகம் ஊற்றும் நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர்களுக்கு அது மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலையில் போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்வெட்டு எழுத்து எழும்பித் தெரியும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அந்தக் கோயில் கல்வெட்டுகளின் வாசகம் இருக்கிறது. இரண்டு மூன்று பக்கம் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் பேசுவது போலவே வரும். தனக்கு அடுத்தபடியாக அக்கா குந்தவையைச் சொல்லி, அப்புறம்தான் தன் மனைவியரைச் சொல்கிறான். 1010-ஐ ஒட்டிய காலத்து மனிதக் குரல் அது. எனக்கு விமானத்தின் உயரத்தைவிட அந்த 'நம் அக்கன்' பெரிதாகப் பட்டது.

இன்னொரு கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் வீடு என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு வருடம் 100 கலம் நெல்; கலம் என்பது நெல் அளக்கும் பழைய அளவு. அதில் வரும் ஊர்களில் ஒன்று பழையாறு, இன்றைய பழையாறை. மறுநாள் காலை ஆட்டோ பிடித்து அங்கே போனோம். ஒரு காலத்தில் சோழர்களின் மாளிகை இருந்த ஊர். இப்போது கோயில்களும் வயலும்தான். வரப்பில் நின்றுகொண்டு பெரியம்மா, "நெல்லு இருந்ததாலதானே ஆட்டமும் பாட்டும்" என்றார். எனக்குத் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் தாராசுரம் கோயிலைச் சுருக்கமாகப் பார்த்தால் போதாது, அதனால் அது இன்னொரு பயணத்துக்கு.

கடைசி நாள் மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறி, ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டையில் இறங்குங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஊதிய நாகஸ்வரம் இங்கே கடைந்ததாக இருக்கலாம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பல வருடம் உத்தரமாகக் கிடந்து காய்ந்த மரம் விரிசல் விடாதாம். உதட்டில் வைக்கும் சீவாளி ஆற்றங்கரை நாணலில் செய்வது. நாங்கள் போன வீட்டில் ஒரு பெரியவர், புதிதாகக் கடைந்த குழலில் சீவாளியைச் செருகி, ஒரே ஒரு ஸ்வரம் ஊதிப் பார்த்தார். திருப்தி இல்லை போல. எடுத்து வைத்துவிட்டு, "எந்த ஊருங்க? அங்கல்லாம் மழை உண்டா?" என்று எங்களைக் கேட்டார்.