நல்லவனா மாறணும்னா யார்கிட்ட கேக்கணும்

இன்னும் கொஞ்சம் நல்ல மனுஷனா ஆகணும்னு ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, நானும் பண்ணேன். மாறிட்டமா இல்லையான்னு தன் மனசுக்குள்ளயே அளந்து பாக்குறது. பத்து நிமிஷம் கண்ணை மூடி உக்காந்தேன், மனசு லேசா இருக்கு, அப்போ நான் தேறிட்டேன்னு ஒரு கணக்கு. மனசு லேசாகுறது நல்ல விஷயம்தான், வேணாம்னு சொல்லல, ஆனா உங்களால அடுத்தவங்க படுற கஷ்டம் குறைஞ்சுதாங்கறது தனி கேள்வி, அதுக்கு பதில் உங்ககிட்ட இல்ல.

அதனால முதல்ல குணத்தை விட்டுட்டு ஒரு செயலை பிடிங்க. "கோவத்தை குறைக்கணும்"னு முடிவு பண்ணா நாளைக்கு காலைல என்ன பண்றதுன்னே தெரியாது. நான் பிடிச்சது மூணு வார்த்தை. தங்கச்சி கணக்குல டவுட் கேட்டு வந்தா என் வாய்ல முதல்ல வர்றது "இது கூடவா தெரியாது?" தான், அதுக்கப்புறம்தான் சொல்லியே குடுப்பேன். சரி இதை நிறுத்தலாம்னு முடிவு பண்ணேன்.

அடுத்தது, அடி வாங்குறவங்க கையில பேனாவை குடுங்க. அவ நோட்டோட கடைசி பக்கத்துல, நான் அப்படி சொல்றப்பல்லாம் ஒரு கோடு போட சொன்னேன், ஒரு வாரத்துக்கு மூணு நாலு இருக்கும்னு நினைச்சேன், எண்ணிப் பாத்தா பதினொண்ணு. ஒண்ணு ரெண்டு தடவை நான் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்ல, அவளுக்கு எந்த கணக்குக்கு சொன்னேன்ங்கறது வரைக்கும் ஞாபகம் இருக்கு.

கோடு எப்போ எப்போ விழுதுன்னு பாருங்க, இதுதான் நான் ரொம்ப லேட்டா கண்டுபிடிச்சது. எனக்கு எல்லாமே ராத்திரி, நான் வேற எதையோ முடிக்க அவசரப்படுற நேரம். 1973ல ஜான் டார்லி, டேனியல் பேட்சன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல பண்ண ஒரு சோதனையை வெளியிட்டாங்க, இறையியல் படிக்கிற பசங்களை பக்கத்து கட்டடத்துக்கு பேச அனுப்புறாங்க, வழியில ஒருத்தர் இருமிக்கிட்டு சுருண்டு கிடப்பார். அவசரம் இல்லாம போனவங்கள்ல 63 சதவீதம் பேர் நின்னு ஏதோ ஒரு விதத்துல உதவினாங்க, லேட் ஆயிடுச்சுன்னு விரட்டப்பட்டவங்கள்ல 10 சதவீதம்தான். இதுல கொடுமை என்னன்னா, அதுல பாதி பேர் பேசப் போன தலைப்பே பைபிள்ல வர்ற, வழியில அடிபட்டு கிடந்தவனுக்கு உதவின நல்லவன் கதை! சின்ன சோதனைதான், 40 பேர்தான், ஆனாலும் குணத்தை திருத்துறதுக்கு முன்னாடி டைம்டேபிளை திருத்திப் பாருங்கன்னு நான் சொல்றது இதனாலதான். டவுட் நேரத்தை சாயங்காலத்துக்கு மாத்தினதுல பாதி கோடு போயிடுச்சு, நான் ஒரு துளி கூட நல்லவனா மாறாமலே.

நல்லவனா மாத்துற மாத்திரை இருந்தா போட்டுக்கலாமேன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பீங்க. இது விளையாட்டு கேள்வி இல்ல. 2008ல இங்மார் பெர்சன், ஜூலியன் சவுலெஸ்குன்னு ரெண்டு தத்துவப் பேராசிரியர்கள், அறிவு வளர்ற வேகத்துக்கு நல்ல புத்தி வளரல, கொஞ்சப் பேர் நினைச்சாலே பெரிய நாசம் பண்ணிடலாம், அதனால மருந்து, மரபணு வழியாவாவது அதை கூட்ட வழி தேடணும்னு எழுதினாங்க. தப்பு பண்றதுக்கு சுதந்திரமே இல்லன்னா நல்லது பண்றதுக்கு என்ன மதிப்புன்னு ஜான் ஹாரிஸ்ங்கற இன்னொரு தத்துவப் பேராசிரியர் 2011ல எதிர்த்து எழுதினார். எனக்கு ஹாரிஸ் சொல்றது பாதிதான் ஒட்டுது, நல்லா தூங்கினா கூடத்தான் எரிச்சல் குறையுது, அதுவும் உடம்பு வழியா வர்ற மாற்றம்தானே, அதுக்காக நம்ம சுதந்திரம் போச்சுன்னு யாரும் அழறதில்ல. எனக்கு இடிக்கிறது வேற இடத்துல. 2010ல மோலி கிராக்கெட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு சிட்டலோபிராம்ங்கற மனச்சோர்வு மருந்தை ஒரே ஒரு டோஸ் குடுத்து பாத்தாங்க. அடுத்தவங்களுக்கு நேரடியா தீங்கு பண்றதை ஏத்துக்க மாட்டேன்னு சொல்றது கூடிச்சு, நல்லதுதான். ஆனா காசை பங்கு போடுற விளையாட்டுல அநியாயமான பங்கு வந்தா வேணாம்னு தூக்கி எறியறது குறைஞ்சு போச்சு. இது நல்ல குணமா, இல்ல வாயை மூடிட்டு வாங்கிக்கிற குணமா? (டாக்டர் எழுதி குடுத்து ஏற்கனவே சாப்பிடுறவங்க இதை படிச்சுட்டு நிறுத்திடாதீங்க, அது வைத்தியம், இங்க பேசுறது வேற.)

இதையே மாத்திரை இல்லாத இடத்துலயும் கேளுங்க. "நீ கொஞ்சம் பொறுமையா இருக்க கத்துக்கோ"ன்னு உங்ககிட்ட சொல்றது யாரு, நீங்க பொறுத்துக்கிட்டா லாபம் யாருக்கு? உங்களால அடிபடுறவங்க சொன்னா கேளுங்க. உங்களை அடிக்கிறவங்க சொன்னா அந்த பொறுமை உங்களுக்கு வேண்டாம், சண்டை போட கத்துக்கோங்க.

உங்க மனசையும் கொஞ்சம் பாத்துக்கணும். அடுத்தவங்க வலியை அப்படியே உள்ள வாங்கிக்கிறதுக்கும் அவங்க நல்லா இருக்கணும்னு நினைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு, டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கிங்கற ரெண்டு மூளை ஆராய்ச்சியாளர்களோட ஆய்வுல முதல் வகை பயிற்சி ஆளை சோர்வாக்குச்சு, ரெண்டாவது தெம்பு குடுத்துச்சு. தங்கச்சி முகம் வாடினதையே நினைச்சு நான் ரெண்டு நாள் என்னை திட்டிக்கிட்டு திரிஞ்சேன், அந்த ரெண்டு நாளும் அவளுக்கு ஒரு கணக்கு கூட சொல்லித் தரல.

ஆறாவது வாரம் கோடே இல்ல. ஜெயிச்சுட்டேன்னு நோட்டை திருப்பி குடுத்தா அவ வாங்கிக்கவே இல்ல, "இப்பல்லாம் சொல்றதில்லண்ணா, ஆனா கேட்டதும் ஒரு பெருமூச்சு விடுற, அதுக்கு கோடு போடவா?"ன்னு கேக்குறா. புது பக்கம் ஆரம்பிச்சிருக்கோம்.