அந்த விரலை எடுங்கள்: விஷ முதலுதவியில் நாம் செய்யும் தவறுகள்

இரண்டு வயதுக் குழந்தை. குளிர்பான பாட்டிலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைத்திருந்த மண்ணெண்ணெயை ஒரு வாய் குடித்துவிட்டது. இருமுகிறது, வாயெல்லாம் வாடை. அக்கம்பக்கத்தார் ஓடி வருகிறார்கள். ஒருவர் உப்பைக் கரைக்கிறார், இன்னொருவர் குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்துத் தொண்டைக்குள் விரலை விடுகிறார். பதற்றத்தில் செய்வதுதான். ஆனால் மண்ணெண்ணெயைவிட அந்த விரலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ஒரு வாய் மண்ணெண்ணெய் வயிற்றில் கிடந்து செய்யும் கெடுதல் குறைவு. மெல்லிய திரவம் என்பதால், வாந்தியாக மேலே வரும்போது மூச்சுக்குழாய்க்குள் நழுவிவிடும். நுரையீரல் புண்ணாகி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். பெட்ரோலும் தின்னரும் அப்படியே. கழிப்பறை கழுவும் அமிலமோ, இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போது இன்னொரு முறை சுடும்.

உப்புக் கரைசலுக்குத் தனிக் கெடுதல் உண்டு: வாந்தி வராமல் உள்ளேயே தங்கினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். கிராமங்களில் சாணியைக் கரைத்து ஊற்றுவதைப் பற்றி என்ன சொல்ல! மயங்கியவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

வயலில் நடக்கும் தவறு வேறு மாதிரி. மருந்து அடித்தவர் வியர்த்துக் கொட்டிச் சுருண்டு உட்கார்ந்தால், "வெயில்" என்று சொல்லி நிழலில் படுக்க வைத்து மோர் கொடுப்பார்கள். கண்ணைப் பாருங்கள். கருமணியின் நடுப்புள்ளி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வழிந்து, தசை துடித்தால் அது வெயில் அல்ல, பூச்சிமருந்து. நனைந்த சட்டை வழியாக அது இன்னும் தோலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டு, தலைமுடி, நகக்கண் உட்படக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறை போடட்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளட்டும்.

"வாந்தி நின்றுவிட்டது, ஆள் தெளிவாக இருக்கிறார், நாளை பார்க்கலாம்" என்பதும் ஆளைக் கொல்லும் பேச்சு. எலி பேஸ்ட்டும் அளவுக்கு மீறிய பாராசிட்டமாலும் முதல் நாள் பெரிதாக எதையும் காட்டாமல் இருந்துவிட்டு, அடுத்த சில நாட்களில் கல்லீரலைக் கெடுக்கும். பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து இருக்கிறது; 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன்.

"ஏதோ மருந்து" என்று சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்? டப்பாவையோ மாத்திரை அட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். எப்போது, எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் குழந்தைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு 108-ஐ அழைப்பது. இருமல் நின்றாலும் ஆறு மணி நேரமாவது மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்கட்டும்.