வட சென்னை வீட்டில் வைன் கேபினெட்: சுவரையும் கரண்டையும் முதலில் பாருங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் ஃபிரிட்ஜ், ஐஸ் பெட்டி, கடை கூலர் பார்க்கிற மெக்கானிக் நான். கொஞ்ச வருஷமாக, வைன் பாட்டில்களைக் குளுமையில் வைக்கும் பெட்டியான வைன் கேபினெட் வேலையும் வருகிறது. கப்பல் வேலைக்காரர்கள் லீவுக்கு வரும்போது கொண்டுவந்த பாட்டில்கள், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியன் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு என்று எடுத்து வைப்பவை, வெளிநாட்டு உறவுக்காரர்கள் கொடுத்தவை. எல்லோரும் முதலில் கேட்பது எந்த கம்பெனி நல்லது என்றுதான். நான் முதலில் பார்ப்பது வீட்டுச் சுவரையும் பிளக் பாயிண்டையும். நம்ம ஏரியாவில் கேபினெட் படுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

வைனுக்கு வேண்டியது 12, 13 டிகிரி. சிவப்பு, வெள்ளை இரண்டையும் பாதுகாக்க இதே சூடு போதும். ஆனால் அந்த எண்ணைவிட முக்கியம், அது அசையாமல் நிற்பது. வருஷம் முழுக்க 15-லேயே நின்றால் பாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது. பகலில் 19, ராத்திரி 11 என்று தினம் ஏறி இறங்கினால் கெட்டுப்போகும். சூடு ஏறும்போது உள்ளே இருக்கும் வைன் விரிந்து கார்க்கைத் தள்ளும், இறங்கும்போது சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். கார்க் ஓரத்தில் பிசுபிசுப்பாகக் கசிந்திருக்கும் பாட்டிலைப் பார்த்தால் அது இப்படி ஏறி இறங்கியது என்று புரிந்துகொள்ளலாம்.

“வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்துக்கொண்டால் என்ன?” என்பார்கள். ஒரு மாசத்துக்குள் திறந்துவிடப் போகிற பாட்டிலுக்கு ஃபிரிட்ஜே போதும், தனிப் பெட்டி வேண்டாம். மாசக்கணக்கில் வைப்பதாக இருந்தால்தான் சிக்கல். ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் ஃபேன் ஓடி ஓடி உள்காற்று வறண்டுபோய், கார்க் காய்ந்து சுருங்கிவிடும். வைன் தயாரிக்கும் ஊரான நாசிக்கில் இருந்து வரும் பாட்டில்களில் நிறைய திருகு மூடிதான். அவற்றுக்குக் கார்க் பிரச்சினை கிடையாது, ஆனால் வெயில் பிரச்சினை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் வைனில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்தில் குடிப்பதற்கென்றே செய்தது, பத்து வருஷம் வைத்தால் ருசி கூடிவிடாது. வீட்டில் எவ்வளவு மது வைத்துக்கொள்ளலாம் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் வரம்பும் உண்டு. பெரிய பெட்டிக்குப் பணம் கட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நம் வீடுகளுக்குச் சின்னப் பெட்டியே சரி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் வைத்ததா, கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சில்லான பெல்டியர் வைத்ததா என்பது. பெல்டியர் பெட்டியில் சத்தம், அதிர்வு இரண்டும் ரொம்பக் குறைவு, விலையும் குறைவு. ஆனால் அது அறைச் சூட்டில் இருந்து ஒரு குறிப்பிட்ட அளவு மட்டும்தான் கீழே இறக்கும், ரொம்ப நல்ல பெட்டியே 15 டிகிரி இறக்கினால் பெரிது. சித்திரை, வைகாசியில் மின்விசிறி மட்டும் ஓடும் நம் ஹால் 36 டிகிரியில் நிற்கும். அப்போது உள்ளே 21-க்குக் கீழே போகாது. நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையாக இருந்தால் தவிர, இங்கே பெல்டியர் வேண்டாம் என்றே சொல்வேன்.

கம்ப்ரஸர் பெட்டியிலும் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். கிளைமேட் கிளாஸ் என்று போட்டு எஸ்என் (SN), என் (N), எஸ்டி (ST), டி (T) இவற்றில் ஏதாவது எழுதியிருக்கும். ‘என்’ என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரைக்கும்தான் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு. எஸ்டி 38 வரை, டி 43 வரை. 2003 மே 31 அன்று சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அப்படியான ஊரில் குளிர்தேசத்துக்குச் செய்த ‘என்’ கிளாஸ் பெட்டியை வைத்தால், அக்னி நட்சத்திரத்தில் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி ஓவர்லோடில் கட் ஆகும். கடைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். 30 பாட்டில், 40 பாட்டில் என்று அட்டையில் போட்டிருப்பது ஒல்லியான நேர்த்தோள் பாட்டில் கணக்கு. ஷாம்பெய்ன் மாதிரிக் குண்டுப் பாட்டில்கள் சேர்ந்தால் அதில் முக்கால்வாசிதான் போகும்.

இனி இடம். பெரம்பூரில் ஒரு ஆன்ட்டி வீட்டில் ஹாலில் டிவி பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மேற்குச் சுவர். “ஆன்ட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்க, அப்புறம் எனக்கு போன் பண்ணுங்க” என்றேன். போன் வந்தபோது, “உள் ரூமிலேயே வச்சிடலாம் தம்பி” என்றார்கள். நீங்களும் அப்படியே பாருங்கள். நாலு மணிக்குக் கை சுடுகிற சுவர் எதுவானாலும் வேண்டாம். மேல்மாடி அறை, பரண், சமையல்கட்டு, பால்கனி எதுவும் ஆகாது. ராயபுரம் பழைய வீடுகளில் தெருவில் இருந்து இரண்டாவதாக வரும் நடு அறைதான் நல்ல இடம். சுவர் கனம், நேர் வெயில் இல்லை, கடல்காற்றும் நேராக அடிக்காது.

அந்தக் கடல்காற்று சாதாரண விஷயம் இல்லை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரையோர வீடுகளில் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே நின்ற பெட்டியின், சூட்டை வெளியே விடும் கண்டன்சர் பைப்பை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் கொப்பளித்து, விரலால் தட்டினால் துரு செதில் செதிலாக விழும். அந்த இடத்தில்தான் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து கேஸ் போகும். ஜன்னல் காற்று படாத மூலையில் வையுங்கள். அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. அந்தத் தூள் கண்டன்சரில் படிந்தால் போர்வை போர்த்தின மாதிரி சூடு வெளியே போக வழியில்லாமல் ஆகிவிடும்.

பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இரண்டு பக்கமும் நாலு விரல் கடையாவது விடுங்கள். நிறைய பெட்டிகளில் கண்டன்சர் பக்கத் தகட்டுக்குள்ளேயே இருக்கும், தொட்டால் சுடுவது அதனால்தான். அதை அலமாரிக்குள் செருகி அழகு பார்க்கக் கூடாது. உள்ளே பொருத்தத்தான் வேண்டும் என்றால், காற்றுவழி முன்பக்கம் கீழே இருக்கிற மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மூன்று பின் பிளக், நல்ல எர்த், தனி பாயிண்ட். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்ஸியோடு சேர்த்துச் சொருகுவது கூடாது. ஸ்டெபிலைசர் கட்டாயம், அதில் மூன்று நிமிஷ டிலே இருக்கிறதா என்று கேளுங்கள். கரண்ட் போய் அடுத்த நொடியே திரும்பி வந்தால், உள்ளே கேஸ் பிரஷர் இறங்கியிருக்காது. கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் உறுமிக்கொண்டு வைண்டிங் சூடாகும். நான் மாற்றிய கம்ப்ரஸர்களில் பாதிக்கு மேல் இப்படி எரிந்தவைதான். வீட்டு இன்வெர்ட்டரில் இதை மாட்ட வேண்டாம். அதுவும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் கம்ப்ரஸருக்கு ஆகவே ஆகாது. பெட்டி நிறைய பாட்டில் இருந்தால், கதவைத் திறக்காமல் விட்டாலே சில மணி நேர மின்வெட்டில் சூடு பெரிதாக ஏறாது.

பெட்டி வந்து இறங்கியதும் சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். மினி லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்திருங்கள், கம்ப்ரஸர் ஆயில் கீழே இறங்க வேண்டும். நிமிர்த்தியே வந்திருந்தால் சில மணி நேரம் போதும். கீழே ஸ்டாண்டு போட்டு, ரசமட்டம் வைத்து நான்கு காலையும் சமம் பண்ணுங்கள். நிறைந்த பாட்டில் ஒன்று ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். 24 பாட்டில் என்றால் முப்பது கிலோ, அதோடு பெட்டி எடை. சாய்ந்து நின்றால் கதவு ஓர ரப்பரான கேஸ்கெட் ஒரு பக்கம் இளிக்கும்.

அடுத்தது சோதனை. இதைச் செய்யாமல் விலை உயர்ந்த பாட்டிலை உள்ளே வைக்காதீர்கள். காலி வைன் பாட்டில்கள் மூன்றில் தண்ணீர் நிரப்பி மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டில் ஒவ்வொன்று வையுங்கள். செட்டிங் 13. ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையைத் தண்ணீருக்குள் விட்டு, பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்து, கதவை மூடிவிடுங்கள். மறுநாள் காலை, மத்தியானம் மூன்று மணி, ராத்திரி என்று எழுதிக்கொள்ளுங்கள். கதவில் எரியும் எண் உள்காற்றின் சூடு, அது கம்ப்ரஸர் ஓடும்போதும் நிற்கும்போதும் மூன்று நான்கு டிகிரி ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. தண்ணீர் எத்தனை டிகிரி காட்டுகிறதோ அதுதான் வைனின் சூடு. அது ஒரு டிகிரிக்குள் நின்றால் பெட்டி சரி. மேல்தட்டு கீழ்த்தட்டைவிட இரண்டு டிகிரி அதிகம் இருப்பது வழக்கம், சீக்கிரம் குடிப்பதை மேலே வையுங்கள். மத்தியானம் மட்டும் தண்ணீரும் சேர்ந்து ஏறினால் தப்பு இடத்தில் இருக்கிறது. பெட்டியை நகர்த்துங்கள்.

புதுசு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி. வீட்டில் பழைய சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் ஓடும் நிலையில் கிடந்தால் அதையே மாற்றிக்கொள்ளலாம். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எஸ்டிசி 1000 என்கிற டெம்பரேச்சர் கண்ட்ரோலர் கேளுங்கள், 220 வோல்ட் மாடல்தான் வேண்டும், 12 வோல்ட்டும் அதே உருவத்தில் இருக்கும். அதில் 1, 2 அதற்கான சப்ளை, 3, 4 சென்சார், 5, 6 ஹீட்டிங், 7, 8 கூலிங். 7, 8 தானாகக் கரண்ட் தராது, அது வெறும் சுவிட்ச்தான். ஃபேஸை 7-க்குக் கொடுத்து 8-ல் இருந்து ஒரு சாக்கெட்டுக்கு எடுத்து, ஃபிரிட்ஜ் பிளக்கை அதில் சொருக வேண்டும். நியூட்ரல், எர்த் இரண்டும் நேராக சாக்கெட்டுக்குப் போகும். ஒயரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதில் கை வைக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எஸ் பட்டனை மூன்று நொடி அழுத்தினால் எஃப்1 வரும், அதில் 13. எஃப்2-ல் 1 வையுங்கள், 14-ல் ஓடத் தொடங்கி 13-ல் நிற்கும். எஃப்3 கம்ப்ரஸர் டிலே, 5 நிமிஷம். எஃப்2-ஐ 0.3-க்குக் குறைத்தால் துல்லியம் கூடும் என்று நினைத்துச் செய்வார்கள். கம்ப்ரஸர் அடிக்கடி ஏறி இறங்கி ஆயுள் போய்விடும்.

சென்சாரை நடுத் தட்டில் ஒரு நிறைந்த பாட்டிலின் வயிற்றில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஒரு துண்டு தெர்மாகோல் வைத்து மூடுங்கள். ஃபிரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட் அதிகக் குளிரில் இருக்கட்டும், குறுக்கே வராது. உள் பல்பைக் கழற்றிவிடுங்கள். ஃபிரீசரில் பிடிக்கும் பனி ஒவ்வொரு முறை நிற்கும்போதும் உருகும், கீழே இருக்கும் சில்லர் டிரேயைக் கழுவித் தண்ணீர் வழியைத் திறந்து வையுங்கள். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், டிஜிட்டல் போர்டு வைத்த புது ஃபிரிட்ஜுகளில் இப்படிச் செய்யக் கூடாது, பிளக்கிலேயே வெட்டி வெட்டி விட்டால் போர்டு போய்விடும். கம்பித் தட்டில் பாட்டில் உருளும், ஆசாரியிடம் சொல்லி மரச்சட்டத்தில் பள்ளம் எடுத்து வாங்குங்கள்.

கார்க் பாட்டில் படுக்க வேண்டும், திருகு மூடி நிற்கலாம். மூடிய பிறகும் கேபினெட்டுக்குள் நாற்றம் புகும் என்பதை மறக்காதீர்கள். கருவாட்டுப் பானை பக்கத்தில் இருக்கும் அறை வேண்டாம், கரப்பான் வருகிறது என்று உள்ளே நாப்தலின் உருண்டை போடவே கூடாது. ஈரப்பதம் 50-க்கும் 70-க்கும் இடையில் இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் கதவை அடிக்கடி திறந்தால் லேபிளில் பூசணம் பிடிக்கும். கார்த்திகை மாசம் கண்ணாடிக் கதவின் வெளியே வேர்ப்பது சகஜம், துடைத்தால் போதும். உட்பக்கம் வேர்த்தால் கேஸ்கெட்டைப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது.

மாசம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் பின்பக்கத் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணியும் உப்பும் சேர்ந்தால் துரு வேகம் பிடிக்கும், காய்ந்த பிரஷ்தான். கேஸ் நிரப்ப யாராவது வந்தால், ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அது பற்றிக்கொள்ளும் கேஸ். கேஸ் உள்ளே இருக்கும்போதே பைப்பில் நெருப்பு வைக்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள், வேலை முடியும்வரை ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தரைத்தள வீடுகளில் ஸ்டாண்டு ஒன்றரை அடியாவது உயரமாக இருக்கட்டும். கம்ப்ரஸர், ரிலே, ஒயரிங் எல்லாம் பெட்டியின் அடியில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அந்த மாதிரி தண்ணீர் வாசலுக்கு வரும்போதே மெயினை அணைத்துப் பிளக்கை எடுத்துவிடுங்கள். அடிப்பாகம் நனைந்திருந்தால், நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, மெக்கானிக் வந்து எர்த்துக்கு லீக் இருக்கிறதா என்று மெகர் என்கிற மீட்டரில் பார்த்த பிறகு சுவிட்ச் போடுங்கள். அதுவரை பாட்டில்களைத் துணி சுற்றி, வீட்டிலேயே குளுமையான அறையில் கட்டிலுக்கு மேலே படுக்கவைத்திருங்கள். மழைநாள் சூட்டில் ஒரு வாரம் தாங்கும்.