ஒரு நாடு ‘மேலே ஏறியது’ என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

ஏழை நாடு, பணக்கார நாடு என்று பிரிக்கும் பட்டியலில் ஒரு நாடு மேல் வகைக்குப் போனதாக மாணவர்கள் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது, ‘வகை பிரித்தது யார்?’ என்றுதான். உலக வங்கியின் பட்டியல் வேறு, ஐ.நா.வின் பட்டியல் வேறு. உலக வணிக அமைப்பிலோ, தான் ‘வளரும் நாடு’ என்று ஒரு நாடு தானே அறிவித்துக்கொள்ளலாம்.

உலக வங்கி என்றால், நாட்டின் தலா வருமான எண்ணையும், இரண்டு வகைகளைப் பிரிக்கும் எல்லைக்கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று, முந்தைய ஆண்டின் தலா தேசிய வருமானத்தை டாலரில் கணக்கிட்டு நாலு வகையாகப் பிரிக்கிறார்கள். 2019 ஜூலையில் இலங்கையின் எண் 4,060 டாலர், கோடு 3,995. உயர் நடுத்தர வருமான நாடானது. அடுத்த ஜூலையில் எண் 4,020, கோடு 4,045. பழையபடி கீழ் நடுத்தரம். வருமானம் குறைந்தது 40 டாலர்தான், கோடு உயர்ந்ததோ 50 டாலர்! இடைவெளி இவ்வளவு சின்னதாக இருந்தால் தலைப்பைப் பார்த்துக் கொண்டாடவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்.

ஐ.நா.வின் ‘மிகவும் பின்தங்கிய நாடுகள்’ பட்டியல் அப்படியல்ல. அதிலிருந்து வெளியேறினால் பல சலுகைகள் போய்விடும். அதனால் இங்கே தேதிகளைத் தேடுங்கள். வங்கதேசம் வெளியேற 2026 நவம்பர் 24 என்று நாள் குறிக்கப்பட்டது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரியில்லாச் சலுகை அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு தொடரும். அப்புறம் வேறு சலுகை கிடைக்காவிட்டால், அங்கே இறங்கும் ஒரு டி-ஷர்ட்டுக்கு வழக்கமான இறக்குமதி வரி 12 சதவீதம். வங்கதேசத்தின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைகள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இந்தத் தேதிகள் வேலை சம்பந்தப்பட்ட விஷயம். இதைச் சொல்லாத செய்தி எனக்குப் பாதிச் செய்திதான்.

அதிர்ச்சியைத் தாங்கும் தெம்பு நாட்டுக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐ.நா.வின் மூன்று அளவுகோல்களில் வருமானம், மனிதவளம் ஆகியவற்றோடு அதுவும் ஒன்று. மாலத்தீவை அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற்ற ஐ.நா. பொதுச்சபை முடிவெடுத்தது 2004 டிசம்பர் 20 அன்று. ஆறே நாளில் சுனாமி. வெளியேற்றம் தள்ளிப்போய், 2011 ஜனவரியில்தான் நடந்தது. ஐரோப்பாவில் அதன் மீனுக்கு இருந்த வரிச்சலுகை 2014இல் முடிந்தது.

இறங்குவது எப்போதும் இழப்பு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருக்கடியில் சிக்கிய இலங்கையை, 2022 டிசம்பரில் உலக வங்கி குறைந்த வட்டியிலான சலுகைக் கடன் பெறத் தகுதியுள்ள நாடாக மீண்டும் சேர்த்துக்கொண்டது. வருமான வகையைத் தீர்மானிக்கும் ஜூலைப் பட்டியலுக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமில்லை. கடனுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது.